தண்ணீர் குடித்த ஊர்கள்

அந்தத் துண்டை எடுக்காதீங்க தம்பி, ஆள் இருக்கு. நான் நடுவுல உக்காந்துக்கிறேன், நீங்க இந்த ஓரத்துல உக்காருங்க. மூணு பேர் சீட்டுதானே, தாராளமா இடம் இருக்கு.

ஆள் எங்கேன்னு பாக்குறீங்க. பாருங்க, தப்பில்ல. நீங்க அம்பாசமுத்திரம் வரைக்குமா? நானும் அங்கேதான். அங்கேருந்து ஆழ்வார்குறிச்சிக்கு வேற பஸ் பிடிக்கணும். இந்தா, டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கேன். டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு இலவசம்தான், ஆனா கண்டக்டருக்கு ஆளைக் காட்டணும்ல. அதுக்காகக் காசு குடுத்தே வாங்கிட்டேன். சேரன்மகாதேவியில ஏறினதுலேருந்து அவரு என்னையே திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.

பயந்துராதீங்க, எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. முப்பத்திமூணு வருஷம் கவர்மெண்ட் ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருந்தவன். ஆவுடையப்பன் சார்னு கேட்டா இந்தப் பக்கம் நாலு பேருக்காவது தெரியும். சாமி பேரு எங்கப்பா வச்சது, அதுல எனக்குப் பங்கில்ல. சாமியும் கிடையாது பேயும் கிடையாதுன்னு எத்தனை வகுப்புல சொல்லியிருப்பேன். அமாவாசை உச்சிப்பொழுதுல நாப்பது பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போய், அங்க வச்சு ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் குடுத்துக் கூட்டிட்டு வந்தவன் நான். ஒரு பிள்ளைக்கு மட்டும் வயித்தால போச்சு. அது சுண்டல் ஊசிப்போனது.

விஷயம் என்னன்னா, என் வீட்டுக்காரி உலகம்மாள் போன பிப்ரவரியில அமெரிக்காவுல தவறிட்டா. அவளைக் கொண்டுபோய் அவ பொறந்த ஊர்ல விடணும். விடணும்னா, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஆள்தான் இல்லியே. அங்க ஒரு கிழவரு இதுக்கு ஒரு வழிமுறை சொன்னாரு. அந்த முறைப்படி ஒண்ணு விடாம செஞ்சு பாத்து, இதுல ஒண்ணுமில்லேன்னு நிரூபிக்கலாம்னு கிளம்பியிருக்கேன். பரிசோதனைன்னா ஒழுங்காச் செய்யணும். துண்டு போட்டிருக்கிறதும் அதுல சேர்ந்ததுதான்.

அதுக்கு முன்னாடி அந்தக் கிழவரைச் சொல்லணும். போன வருஷம் அக்டோபர்ல நாங்க ரெண்டு பேரும் மக வீட்டுக்குப் போனோம். அமெரிக்காவுல செயின்ட் பால்னு ஒரு ஊர். குளிர்னா அப்படி ஒரு குளிர், மூக்குக்குள்ள இருக்கிற மயிர்கூட உறைஞ்சிரும். மக இளவேனிலும் மாப்பிள்ளையும் காலையில வேலைக்குப் போனா விளக்கு வச்ச பிறகுதான் வருவாங்க. பக்கத்து வீட்டுல இருந்தாரு இவரு. சூ நெங்னு பேரு. பாத்தா சீனாக்காரர்னு நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். அவங்க மோங் ஆளுங்க, லாவோஸ் நாட்டு மலையில விவசாயம் பண்ணிட்டு இருந்தவங்க. அங்க சண்டை நடந்தப்போ அமெரிக்காக்காரனுக்குத் துணையா நின்னிருக்காங்க. அவன் மூட்டையைக் கட்டிட்டுப் போனதும் இவங்க மேகாங் ஆத்தைத் தாண்டித் தாய்லாந்துக்கு ஓடி, முகாம்ல வருஷக்கணக்கா கிடந்து, பிறகு அமெரிக்கா. சூ நெங் அந்த ஊர்ல ஒரு ஸ்கூல்ல இருபது வருஷம் தரை துடைச்சு ரிட்டயர் ஆனவரு. அவருக்கு ஓட்டை இங்கிலீஷ், எனக்கு வாத்தியார் இங்கிலீஷ். ரெண்டும் சேர்ந்து ஒரு மாதிரி வண்டி ஓடிச்சு.

முதல்ல பழக்கம் பிடிச்சது நான் இல்ல, உலகம்மாதான். அவளுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியாது. அவரு தோட்டத்துல நம்ம ஊசி மிளகாய் மாதிரி ஒண்ணு நின்னது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு இவ கையை நீட்டியிருக்கா, அவரு ஒரு கை அள்ளிக் குடுத்திருக்காரு. மறுநாள் இவ கிண்ணத்துல ரசம் கொண்டுபோனா. அதுலேருந்து ரெண்டு பேரும் மணிக்கணக்கா பேச்சு. பனி கொட்ட ஆரம்பிச்சதும் அவரு அடுப்படியில போய் உக்காந்துக்கிடுவா. அவரு மோங் பாஷையில பேசுவாரு, இவ ஆழ்வார்குறிச்சித் தமிழ்ல பேசுவா. என்னடி புரியுதுன்னு கேட்டா, புரிய வேண்டியது புரியுதுன்னு சொல்வா. எனக்குச் சிரிப்பாணியா வரும்.

டிசம்பர்ல அவ கேட்டா, "ஏங்க, நாம பொங்கலுக்கு ஊருக்குப் போயிரலாமா?" ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டா. ரிட்டர்ன் டிக்கெட் ஏப்ரல்லதான் போட்டிருந்தது. மக மாத்தித் தாரேன்னுதான் சொன்னா. நான்தான் இருந்துட்டுப் போகலாம், இங்க காத்து சுத்தமா இருக்குன்னேன். பனித்துளி ஏன் ஆறு மூலையா இருக்குங்கிறதைப் பத்தி நான் அப்ப ஒரு கட்டுரை எழுதிட்டு இருந்தேன். பாதியில விட்டுட்டு வர மனசில்ல. பிப்ரவரி எட்டாம் தேதி காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. காத்து சுத்தமாத்தான் இருந்தது.

சடங்கு ஒண்ணும் செய்யல. அது நாங்க பேசி வச்சதுதான், அதாவது நான் பேசி வச்சது. ஆறு உறைஞ்சு கிடந்ததால சாம்பல் டப்பா மார்ச் கடைசி வரைக்கும் அலமாரியில இருந்தது. பனி உருகினதும் அங்க ஓடுற மிசிசிப்பி ஆத்துல கரைச்சுட்டோம். அம்மாவைத் தாமிரபரணிக்குக் கொண்டுபோயிருவோம்பான்னு மக சொல்லிப் பாத்தா. எல்லா ஆறும் கடல்லதானே சேருது, தண்ணின்னா ரெண்டு பங்கு ஹைட்ரஜன் ஒரு பங்கு ஆக்ஸிஜன், இதுல மிசிசிப்பி என்ன தாமிரபரணி என்னன்னு கேட்டேன். அவ போய்க் கார் சாவியை எடுத்துட்டு வந்தா. வாதம் புரிஞ்சிருக்கும்.

எரிச்ச அன்னைக்கு சூ நெங் பெரிய கோட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. எல்லாரும் போன பிறகு என்கிட்ட வந்து கேட்டாரு, "இவங்களுக்கு வழி சொன்னது யாரு?" எனக்கு ஒண்ணும் விளங்கல. பிறகு விளக்கிச் சொன்னாரு. அவங்கள்ல ஒருத்தர் செத்தா, பொறந்தப்போ நஞ்சுக்கொடி புதைச்ச இடம் வரைக்கும் அந்த உயிர் திரும்பிப் போகணுமாம். குறுக்கு வழியில போகக்கூடாது. கடைசியா இருந்த ஊர், அதுக்கு முந்தின ஊர், அதுக்கும் முந்தின ஊர், இப்படி வந்த வழியே திரும்பணும். ஒவ்வொரு ஊர்லயும் நின்னு, இங்க தண்ணி குடிச்சேன், விறகு எரிச்சேன், போயிட்டு வாரேன்னு அந்த இடத்துக்கு நன்றி சொல்லி விடை வாங்கணும். ஒரு ஊர் விட்டுப்போச்சுன்னா அங்கேயே நின்னுருமாம். இதுக்குன்னு ஒரு பெரியவர் இருப்பாரு, பிணத்துப் பக்கத்துல உக்காந்து ஊர் ஊரா சொல்லிப் பாடுவாரு. உங்க வீட்டம்மாவுக்கு அப்படி யாரும் சொல்லலியேன்னாரு. இவ்வளவு தூரத்தை அவங்க எப்படித் தனியாப் போவாங்கன்னாரு.

அவரு கேட்டது ஒரு விதத்துல நியாயம்தான். உலகம்மா தனியா டவுனுக்குக்கூடப் போய் வந்ததில்ல. ஒரே ஒரு தடவை தவிர. அதை விடுங்க. போகும்போது என் மணிக்கட்டுல வெள்ளை நூல் ஒண்ணைக் கட்டிட்டுப் போனாரு. அதிர்ச்சியில உயிர் கொஞ்சம் விலகி நிக்குமாம், அதைப் பிடிச்சுக் கட்டுறதாம். இந்தா பாருங்க, இன்னும் கிடக்கு. அறுக்கணும்னு நினைக்கிறதுதான். தானா அறுந்து விழட்டும்னு விட்டிருக்கேன், நல்ல பருத்தி நூல்.

எனக்கு வந்ததே கோவம். ஒரு ஸ்கூல்ல இருபது வருஷம் வேலை பாத்த மனுஷன் இப்படிப் பேசலாமா? மறுவாரமே ஒரு நோட்டு வாங்கினேன். கோடு போட்டு நாலு பத்தியாப் பிரிச்சேன். இடம், வருஷம், கண்டது, காரணம். தினம் மத்தியானம் அவரு அடுப்படிக்குப் போயிருவேன். நீங்க பாத்த பேயை எல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லுங்க, நான் காரணம் சொல்றேன்னேன். அவரு சந்தோஷமா டீ போட்டுக் குடுத்துச் சொல்ல ஆரம்பிச்சாரு. இப்ப யோசிச்சா, உலகம்மா உக்காந்த அதே நாற்காலியிலதான் நானும் உக்காந்திருக்கேன். வேற நாற்காலியும் அங்க இல்ல.

மொத்தம் பதிமூணு. மலைக்காட்டுல நெல்லுக் குடிசையில இருந்தப்போ அவரு அம்மா குரல்ல யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அம்மா பக்கத்துலயே நின்னு இவரு வாயைப் பொத்தியிருக்கா. காரணம், எதிரொலி. இன்னொரு ஊர்ல, சண்டையில காலியாப் போன வீடுகள்ல அடுப்பு மட்டும் புகைஞ்சதாம். காரணம், அணையாத தணல். முகாம்ல தண்ணித் தொட்டிகிட்ட தினமும் ஒரு பொண்ணு குடத்தோட நிக்குமாம், கிட்டப் போனா குடம் மட்டும் ஈரமா இருக்குமாம். காரணம், பசி மயக்கம். அமெரிக்காவுக்கு வந்த புதுசுல மூணாவது மாடியில குடியிருந்தப்போ, தூக்கத்துல ஏதோ ஒண்ணு நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிடும், கையைக் காலை அசைக்க முடியாதாம். அவங்க ஆளுங்கள்ல சில வாலிபப் பசங்க அப்ப தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னாரு. நான் மூளையையும் தசையையும் படம் போட்டு விளக்கினேன். பேய்க்கு விசா யாரு குடுத்தான்னும் கேட்டேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நல்ல மனுஷன், எதிர்த்துப் பேசவே மாட்டாரு. நீ சொல்றதும் சரிதான்னு சொல்லிட்டு அடுத்த கதைக்குப் போயிருவாரு. அப்படிப்பட்ட ஆளோட வாதாடுறது ரொம்ப சிரமம் தம்பி.

ஏழாவது கதை மேகாங் ஆறு. ரெண்டு கக்கத்துலயும் மூங்கிலைக் கட்டிக்கிட்டு நீந்தியிருக்காங்க. நடு ஆத்துல ஒரு கை அவரு காலைப் பிடிச்சுதாம். கரையேறிப் பாத்தா கணுக்கால்ல அஞ்சு விரல் தடம். தண்ணிப்பாசின்னு எழுதினேன். அவரும் சரின்னுட்டாரு.

கடைசியா ஒருநாள் பதிமூணாவது சொன்னாரு. அந்தக் கரையில, முகாமுக்கு ஆள் வந்து கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஒரு மரத்தடியில பதினோரு நாள் இருந்திருக்காரு. தினமும் உச்சிப்பொழுதுல ஆத்துக்குள்ளேருந்து அவரு தம்பி குரல் வருமாம். அண்ணே, கையைக் குடுன்னு. தம்பி பேரு துவா. அவன் கட்டியிருந்த மூங்கில் நழுவிருச்சு. நடு ஆத்துல காலைப் பிடிச்சது அவன்தான். "நான் உதறினேன்"னாரு சூ நெங். பெண்டாட்டிகிட்டச் சொன்னதில்ல, பிள்ளைங்ககிட்டச் சொன்னதில்ல. அப்படி ஒரு தம்பி இருந்தான்னே வீட்டுல யாருக்கும் தெரியாது. நோட்டுல அந்தப் பக்கம் இடம் இருக்கு, வருஷம் இருக்கு, கண்டது இருக்கு. காரணம் போடுற இடம் மட்டும் காலியாக் கிடக்கு. எழுத மறந்துட்டேன்.

அன்னைக்குத்தான் அவரு இன்னொண்ணும் சொன்னாரு. என் கதை முடிஞ்சுது, உங்க வீட்டம்மா கதையை எழுதலியான்னு கேட்டாரு. அவளுக்கு என்ன கதைன்னேன். அவரு ரெண்டு கையையும் சேர்த்துக் குழந்தையை ஆட்டுற மாதிரி ஆட்டினாரு. பிறகு குழந்தை இல்லேன்னு கையை விரிச்சாரு. பிறகு காதுல கை வச்சாரு. இப்படித்தான் அவ சொன்னாளாம்.

எங்களுக்கு முதல்ல ஒரு பையன் பொறந்தான் தம்பி. எண்பத்தாறுல, இதே சேரன்மகாதேவியில. ஒன்பது நாள் இருந்தான். அவன் போன பிறகு இவ கிணத்தடியில குழந்தை அழுகுற சத்தம் கேக்குதுன்னா. தினமும் கேக்குதுன்னா. நான் பூனைன்னேன். அவருகிட்டயும் அதைத்தான் சொன்னேன், அது பூனைங்கன்னு. பூனையைப் பாத்தீங்களான்னாரு. இதென்ன கேள்வி? கண்ணால பாக்கலேங்கிறதுக்காகப் பூனை இல்லேன்னு ஆயிருமா? எனக்கு முகம் சிவந்துபோச்சு, நோட்டை மூடிட்டு வந்துட்டேன். முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பேச்சை எங்க வீட்டுல யாரும் எடுத்ததில்ல. அவளும் மறந்துட்டான்னுதான் இருந்தேன். பாஷை தெரியாத ஒரு ஆள்கிட்டப் போய்க் கையால சொல்லியிருக்கா பாருங்க.

அதுக்கப்புறம் நாலு நாள் நான் அந்தப் பக்கமே போகல. அஞ்சாம் நாள் போகலாம்னு சட்டையை மாட்டினேன், வாசல்ல நாலஞ்சு கார் நிக்குது. சூ நெங் காலையில டீயை வச்சுக்கிட்டே சாஞ்சுட்டாரு.

அவங்க சாவு மூணு நாள் நடக்கும். பெரிய மண்டபம், ஒரு பக்கம் பறை மாதிரி ஒரு கொட்டு, மூங்கில் குழல்ல ஒருத்தர் வளைஞ்சு வளைஞ்சு ஊதுறாரு. வழி சொல்ற பெரியவர் வந்து உக்காந்துட்டாரு. ஊர்ப் பேரெல்லாம் வரிசையா வேணும்னாரு. மூத்த மகன் பெங், முகாம்ல பொறந்தவன், அம்பது வயசு இருக்கும், திருதிருன்னு முழிக்கிறான். முகாம்லேருந்து இந்தப் பக்கம் தெரியும். பொறந்த கிராமம் பேர் தெரியும். நடுவுல அப்பா எங்கெல்லாம் ஓடினார்னு தெரியாது. தெரிஞ்ச அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. ஃபோன்ல யார் யாரையோ கேக்குறான், ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அப்பா வழியில நின்னுருவாரேன்னு பெரிய ஆம்பளை தேம்பித் தேம்பி அழறான்.

நான் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துட்டு வந்தேன். பேயைப் பொய்யாக்க எழுதின நோட்டு, ஆனா இடம் வருஷத்தோட சரியா இருக்கே. ஏழு ஊரையும் நான் வரிசையா வாசிக்க வாசிக்க பெங் எழுதிக்கிட்டான். ஆத்தங்கரை மரத்தடின்னு வந்ததும் நிறுத்திட்டான். அது இருந்த ஊர் இல்ல, சும்மா தங்கின இடம், அது வேண்டாம்னான். எனக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே. பதினோரு நாள் தண்ணி குடிச்சிருக்காருய்யா, அதை எப்படி விடுவீங்கன்னு கத்திட்டேன். அத்தனை பேர் நடுவுல. அவரு அங்கேதான் மாட்டிக்கிட்டு நிப்பாரு, வேற எங்கயும் நிக்க மாட்டாரு, அந்த இடத்தை விட்டா மத்த ஊரெல்லாம் வீண்னேன். பிறகு துவாவைப் பத்தியும் சொன்னேன். சொல்லக்கூடாதுதான். ஆனா தகவல்னா முழுசா இருக்கணும். பெங் பேனாவை மறுபடி எடுத்தான். எங்க சித்தப்பா பேரை இன்னொரு தடவை சொல்லுங்கன்னான். சொன்னேன். வழி சொல்ற பெரியவர் அந்த மரத்தடிக்கு வந்தப்போ அங்கயே ரொம்ப நேரம் நின்னு பாடினாரு. அதுல துவாங்கிற பேர் ரெண்டு தடவை வந்தது எனக்கே கேட்டுச்சு.

எனக்கு நம்பிக்கை இல்ல தம்பி. அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். வரிசை தப்பாம இருந்ததுல எனக்கும் ஒரு திருப்தி.

ஊருக்கு வந்ததும் ஒரு வாரம் பாளையங்கோட்டை வீட்டுல சும்மா இருந்தேன். ரெண்டு தம்ளர் டீ போடுறதும் ஒண்ணைக் கீழ ஊத்துறதுமா இருந்தது. பிறகுதான் இந்தப் பரிசோதனை தோணிச்சு. நான் வேலை பாத்த ஊரெல்லாம் அவ இருந்த ஊர்தானே. பின்னாலேருந்து எழுதினேன். செயின்ட் பாலுக்கு மகளை விட்டு அவ வாசல்ல தண்ணி ஊத்தச் சொல்லியாச்சு. பாளையங்கோட்டை, வள்ளியூர், நாங்குநேரி, சாத்தான்குளம், சேரன்மகாதேவி, கடைசியா அவ பொறந்த ஆழ்வார்குறிச்சி. ஒவ்வொரு ஊர்லயும் பழைய வாடகை வீட்டைத் தேடிப் போறது, ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிக்கிறது, பாதியை வாசல்ல ஊத்துறது, போயிட்டு வாரோம்னு சொல்லிட்டு வர்றது. வாரோம்னு சொல்றது வாய்ப் பழக்கம். வள்ளியூர்ல தண்ணி குடுத்த பொண்ணு ரெண்டு தம்ளர் கொண்டுவந்தா. ஏம்மா ரெண்டுன்னேன். தெரியல சார், கை தானா எடுத்துருச்சுன்னா. வெயிலுக்கு ரெண்டு குடிப்பாங்கன்னு நினைச்சிருக்கும். நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கேன்.

சேரன்மகாதேவி வரைக்கும் ஒரு சிக்கலும் இல்ல. நேத்து அங்க அந்த வீட்டுக்குப் போனேன். வீடு இப்ப செல்போன் கடை, கிணத்தை மூடிட்டாங்க. தண்ணி குடிச்சிட்டு, ரூமுக்கு வந்து மத்தியானம் ஒரு கண் அசந்தேன். நெஞ்சு மேல ஏதோ வந்து உக்காந்த மாதிரி. கையை அசைக்க முடியல, கூப்பிட வாய் வரல. விழிச்சுத்தான் இருக்கேன், மேல ஃபேன் சுத்துறது தெரியுது. மத்தியானம் சாப்பிட்ட பரோட்டா, வேற ஒண்ணுமில்ல. இன்னைக்குக் காலையில மறுபடியும் அதே மாதிரி. ராத்திரி நான் இட்லிதான் சாப்பிட்டேன்.

நேத்து சாயங்காலம் மகளுக்கு ஃபோன் போட்டு ஊர் வரிசையை வாசிச்சுக் காட்டினேன். ஆழ்வார்குறிச்சியோட முடியுதுன்னேன். உடனே அவ, "அப்பா, அம்மா கல்லிடைக்குறிச்சியில பெரியம்மா வீட்டுல நாலு மாசம் இருந்தாங்களே, அதைக் காணோமேப்பா?"ன்னு கேட்டா. அவளுக்கு யாரு சொன்னாங்களோ தெரியல. நாங்க யாரும் சொன்னதில்ல. நான் அவளுக்குத் தெளிவாச் சொன்னேன், அது இருந்த ஊர் இல்லம்மா, சும்மா தங்கின இடம்னு.

சும்மா தங்கின இடம்தான் தம்பி. நீங்களே சொல்லுங்க.

என்ன நடந்துதுன்னா, அந்தப் பூனை விஷயம். கிணத்தடியில குழந்தை அழுகுதுன்னு அவ பக்கத்து வீட்டுப் பொம்பளைகளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா. நான் அவங்க முன்னாடி ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து, காது எப்படி வேலை செய்யுது, மனசு எப்படிச் சத்தத்தை உண்டாக்குதுன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். நல்லாத்தான் எடுத்தேன். அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பிள்ளை போய் இருபது நாள்தான் ஆயிருந்தது. மறுநாள் அவ ரெண்டு சேலையை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அங்க அப்பளம் போட்டுக்கிட்டு இருந்தான்னு கேள்வி. போய்க் கூப்பிடுன்னு ஹெட்மாஸ்டர்கூடச் சொன்னாரு. பத்து மைல் இருக்குமா சேரன்மகாதேவியிலேருந்து? தப்பு செஞ்சவங்கதானே வரணும்னு நான் போகல. ஒரு கடுதாசிகூடப் போடல. நாலாவது மாசம் எனக்கு சாத்தான்குளத்துக்கு மாறுதல் வந்தது. அங்க போய்ச் சாமானை இறக்கிட்டு இருக்கேன், வாசல்ல அதே மஞ்சப்பையோட அவ நிக்குறா. பஸ் நம்பர் படிக்கத் தெரியாதவ, மூணு பஸ் மாறி, விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்கா. சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு உள்ள போய் அடுப்பைப் பத்த வச்சா.

அந்த ஒரு தடவைதான் அவ தனியாப் போனதும் வந்ததும். கூப்பிட யாரும் போகல.

இதென்ன, வீரவநல்லூர் தாண்டியாச்சா? அடுத்து கல்லிடைக்குறிச்சிதானே? ஆமா, தெரியும். ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டிட்டா அம்பாசமுத்திரம்.

தம்பி, அந்தக் கண்டக்டரை ஒரு குரல் குடுங்க. இங்க நான் இறங்கணும். ஆமா, அம்பாசமுத்திரத்துக்குத்தான் டிக்கெட், அதனால என்ன? அக்கா வீடு இன்னும் இருக்கோ என்னவோ. இருந்தா அந்த வாசல்ல நிக்கணும். பரிசோதனையில ஒரு இடம் விட்டுப்போனா முடிவு தப்பாயிரும், நானே எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைச்சிருக்கேன். வரிசையும் கெட்டுப்போச்சு, சாத்தான்குளத்துக்கு அடுத்தது இதுதான் வரணும். பரவாயில்ல. இங்க முடிச்சிட்டுத் திரும்பவும் சேரன்மகாதேவிக்குப் போய், அங்கேருந்து மறுபடி கிளம்புறோம். எங்களுக்கென்ன, ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனவங்கதானே.

தண்ணி குடுத்தாக் குடிக்கலாம். ஆனா இங்க நன்றி சொல்லிட்டுப் போனா மட்டும் பத்தாது. வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். உலகம்மா, வா போவோம், கூப்பிட வந்திருக்கேன்னு. தெருவுல போறவங்க பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்.

பஸ் நிக்கப் போகுது. துண்டை நான் எடுத்துக்கிறேன். நீங்க கொஞ்சம் எந்திரிச்சு வழி விடுங்க தம்பி. நான் அப்புறம் வாரேன், அவ முதல்ல இறங்கட்டும்.